லெ சாம்போன்-சுர்-லிஞ்ஞோன்

லெ சாம்போன்-சுர்-லிஞ்ஞோன் பிரான்சு நாட்டின் ஓத்-லுவார் மாவட்டத்தில் உள்ள ஒரு கொம்யூன் ஆகும். கொம்யூன் என்பது மேயரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தையும் கொண்ட, அந்நாட்டின் மிகச் சிறிய உள்ளாட்சி அலகு. ஏறத்தாழ 2,500 மக்கள் வாழும் இவ்வூர், இரண்டாம் உலகப் போரின்போது யூத அகதிகளுக்குப் புகலிடம் அளித்தமைக்காக அறியப்படுகிறது.

புவியியலும் வாழ்க்கையும்

இவ்வூர் லுவார் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த லிஞ்ஞோன் ஆற்றங்கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரமான மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. குளிர்காலம் நீண்டது. பண்ணை வீடுகள் காடுகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. கால்நடை வளர்ப்பு இங்கு மரபுவழித் தொழிலாகும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர்வண்டி வந்தபின், தூய காற்றை நாடி நகரங்களிலிருந்து சிறுவர்களும் குடும்பங்களும் கோடையில் வரலாயினர். இவர்களுக்காகப் பல விடுதிகள் தோன்றின.

சமய மரபு

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள பிரான்சில், இவ்வட்டார மக்களுள் பலர் 16 ஆம் நூற்றாண்டிலேயே புரொட்டஸ்தாந்து சமயத்தைத் தழுவினர். 1685 ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் அச்சமயத்தைத் தடை செய்தார். 1787 வரை நீடித்த அடக்குமுறைக் காலத்தில் மக்கள் மறைவிடங்களில் வழிபட்டனர். இந்நினைவு தலைமுறைகள் தோறும் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போர்

1940 ஆம் ஆண்டு சூன் 23 அன்று, பிரான்சு செருமனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கை செய்த மறுநாள், போதகர்கள் ஆந்திரே துரோக்மேயும் எதுவார் தேயிசும் வன்முறையின்றி எதிர்க்குமாறு மக்களை அழைத்தனர். அகதிகள் விடுதிகளிலும் பண்ணைகளிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்குப் போலி அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. சிலர் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டனர். விடுமுறைச் சிறுவர்களுக்குப் பழகிய ஊரில் புதிய முகங்கள் எளிதில் ஐயத்தை எழுப்பவில்லை. ஆயினும் 1943 சூன் மாதத்தில் ஒரு மாணவர் விடுதி சோதனைக்குள்ளானது. அங்கு மாணவர்களுடன் கைதான விடுதிப் பொறுப்பாளர் தானியேல் துரோக்மே 1944 இல் மைதானெக் முகாமில் இறந்தார். காப்பாற்றப்பட்டோர் 5,000 பேர் என நெடுங்காலம் கூறப்பட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் இதனினும் குறைவாக மதிப்பிடுகின்றனர்.

போருக்குப் பின்

1990 ஆம் ஆண்டு இசுரேலின் யாட் வசெம் நினைவகம் இவ்வூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சிறப்பித்தது. தனிமனிதர்க்கன்றி ஓர் ஊருக்கே இச்சிறப்பு அளிக்கப்படுவது அரிது. 2013 இல் இங்கு நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிறுவயதில் இங்கு அடைக்கலம் பெற்ற ஆசுதிரியர் ஒருவர், 2020 இல் இறந்தபோது ஏறத்தாழ 20 இலட்சம் யூரோவை இவ்வூருக்கு எழுதி வைத்திருந்தார்.