ஒரே மிஷின், நாலு விலை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், ஃபாக்ஸ்கான். இங்கிருந்து லாரி ஏறும் சரக்கு எதுவும் தனியாகப் போவதில்லை. அட்டைப்பெட்டி, லேபிள், கையேடு என்று ஏதோ ஓர் அச்சடித்த காகிதம் கூடவே போகிறது. அப்படிப்பட்ட காகிதத்தை அடித்துத் தரும் அச்சகங்களில் ஆஃப்செட் மிஷின்தான் பெரும்பாலும் முதலாளியின் பெரிய சொத்து. அதன் இன்றைய விலை என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். ஆடிட்டர் ஒன்று சொல்வார், புரோக்கர் ஒன்று சொல்வார், காயலான் கடைக்காரர் எடை பார்த்துச் சொல்வார்.

ஆடிட்டர் கணக்கு எளிது. ஒரு கோடி ரூபாய் மிஷினுக்கு வருமான வரி விதிப்படி ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் கழித்துவந்தால், பத்தாண்டு முடிவில் புத்தகத்தில் நிற்பது 20 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் அது வரிக்கான கணக்கு. சந்தைக்கு அது தெரியாது. யூரோ ஏறினால் புது ஜெர்மன் மிஷினின் விலை ஏறும், அதன் பின்னாலேயே நல்ல நிலையில் உள்ள பழையதும் ஏறும்.

இதைத் தீர்த்துச் சொல்லத்தான் மதிப்பீட்டாளர். கம்பெனிகள் சட்டம் 2013இன் 247ஆவது பிரிவும் 2017இல் வந்த விதிகளும் இவர்களுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தன. பதிவு செய்வது இந்திய திவால் வாரியம். நிலம்-கட்டடத்துக்கு ஒருவகை, இயந்திரங்களுக்கு ஒருவகை என்று பிரிவே தனி. வீட்டுக்கு மதிப்புப் போடுபவரை மிஷினுக்கு அழைத்துப் பயனில்லை.

வந்தவர் முதலில் பார்ப்பது பெயர்த்தகடு: மாடல், சீரியல் எண், தயாரித்த ஆண்டு. அடுத்தது கவுண்டர். தினம் 50,000 ஷீட், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் பத்தாண்டில் 15 கோடி இம்ப்ரெஷன். கவுண்டரை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் கரண்ட் பில்லோடும் வேலைப் பதிவேட்டோடும் ஒத்துப் பார்ப்பார். பிறகு ஓட்டச் சொல்வார். நாலு கலரும் ரெஜிஸ்டரில் நிற்கிறதா என்று லூப் கண்ணாடியை ஷீட் மேல் வைத்துப் புள்ளிகளைக் கவனிப்பார். புள்ளி இரட்டையாகத் தெரிந்தால் கிரிப்பர் தேய்ந்திருக்கலாம், கியரில் ஆட்டம் கண்டிருக்கலாம். ரோலர், பிளாங்கெட் போனால் மாற்றிக்கொள்ளலாம். சிலிண்டரில் அடிபட்டிருந்தால் விலை சரிந்துவிடும். உதிரி போர்டு கிடைக்காத பழைய கன்ட்ரோல் பேனலும் அப்படித்தான். மாறாக, 1 மி.மீ. தடிமன் அட்டை வரை ஓட்டும் ஹைடல்பர்க் சி.டி. 102 மாதிரி மிஷினில் கோட்டிங் யூனிட்டும் இருந்தால், கார்ட்டன் அடிப்பவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், “எதற்காகக் கேட்கிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் எண்ணைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

இன்சூரன்ஸ் என்றால் அதே மிஷினைத் திரும்ப நிறுத்த இன்று என்ன ஆகும் என்பது கணக்கு. ஒரு கோடி பெறும் மிஷினை 50 லட்சத்துக்கே இன்சூர் செய்து, வெள்ளத்தில் 20 லட்சம் சேதமானால், வழக்கமான பாலிசியில் கைக்கு வருவது 10 லட்சம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது வெறும் உதாரணமல்ல.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால் கதையே வேறு. பதிவு பெற்ற இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே நியாய மதிப்பையும் கலைப்பு மதிப்பையும் கணிக்க வேண்டும் என்பது விதி. தொழில் ஓடும்போது இருக்கும் விலை வேறு. அவசரமாக விற்க நேர்ந்து, கழற்றும் கூலியையும் கிரேன் வாடகையையும் கழித்துக்கொண்டு வாங்குபவர் கேட்கும் விலை வேறு.

வாடிக்கையாளர் போய்விட்டாலும் அப்படி அவசரமாக விற்கும் நிலை வரலாம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. அடுத்த மாதமே ஃபாக்ஸ்கானும் அப்போது அங்கே நடத்திவந்த வேலையை நிறுத்தியது. நோக்கியா ஆலையை சால்காம்ப் நிறுவனம் வாங்குகிறது என்ற செய்தி வந்தது 2019இல். ஒரே கம்பெனியின் பெட்டிக்காக வாங்கிப்போட்ட மிஷினால் அத்தனை காலம் காத்திருக்க முடியாது.

ஆகவே மதிப்பு எதற்காக, எந்தத் தேதிக்கு, எந்த அடிப்படையில் என்ற மூன்றையும் அறிக்கையில் எழுதி வாங்குங்கள். பாலிசி புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே கூப்பிடுங்கள். அவர் வரும்போது மிஷின் ஓடிக்கொண்டிருக்கட்டும். நின்றுபோன மிஷினில் பாதிச் சோதனை நடக்காது.