பாட்டில் ஒரு வரி விட்டாலும் வம்பு, கூடினாலும் வம்பு! டி.வி.க்கு வந்த சோதனை

சிந்தாதிரிப்பேட்டைக்கு பக்கத்திலேயே, சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது சென்னை தூர்தர்ஷன் நிலையம். 2024 அக்டோபர் 18-ந்தேதி அங்கு நடந்த இந்தி மாத நிறைவு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடினார்கள். மேடையில் கவர்னர் ஆர்.என்.ரவி. 'திராவிட' என்ற சொல் வரும் வரி மட்டும் காணோம்!

வீடியோ பரவியதும் பெரும் பரபரப்பு. 2021-ல் மாநில பாடலாக அறிவிக்கப்பட்ட பாட்டு ஆயிற்றே! கவர்னரை திரும்ப பெற வேண்டும் என்றார் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின். இதில் சம்பந்தம் இல்லை என்றது கவர்னர் தரப்பு. கடைசியில் மன்னிப்பு கேட்டது தூர்தர்ஷன்தான். பாடியவர்களின் கவனக்குறைவு, வேண்டுமென்றே செய்யவில்லை என்று விளக்கம் சொன்னது.

இங்கிலாந்தில் நடந்தது தலைகீழ். 2025 ஜூன் 28-ந்தேதி கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாப் வைலன் குழு, இஸ்ரேல் ராணுவம் சாகட்டும் என்று கோஷம் போட்டது. நேரலையில் அப்படியே போனது. பி.பி.சி. திரையில் எச்சரிக்கை மட்டும் காட்டியது. நேரலையை நிறுத்தி இருக்க வேண்டும் என்று பிறகு வருத்தம் தெரிவித்தது. அதே நாளில் நீகேப் குழுவின் நிகழ்ச்சியை நேரலை செய்யாமல், வெட்டி ஒட்டி பிறகுதான் போட்டது.

நேரலையை சில வினாடி தாமதித்து அனுப்ப வசதி உண்டு. ஆனால் எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஒரு ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். வெட்டினால் வாயை அடைத்தார்கள் என்பார்கள், விட்டால் துணை போனார்கள் என்பார்கள். வாய் பாடகருடையது, பதில் சொல்வது நிலையம்!