தகுதி என்னும் தலைவாயில்

ஓடுதல் மக்களுக்கு இயல்பாய் அமைந்த செயல்களுள் ஒன்று. நடக்கப் பழகிய குழந்தை அடுத்து ஓடவே முற்படுகின்றது. ஆயினும், ஓடுதல் வேறு. நெடுந்தொலைவு ஒரே சீராக ஓடி, குறித்த காலத்துள் எல்லையை அடைதல் வேறு. முன்னது யாவர்க்கும் எளிது. பின்னது பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே கைகூடுவது. அத்தகைய ஓட்டங்களுள் தலையாயது மராத்தான் ஓட்டமாகும். உலகப் புகழ் பெற்ற மராத்தான் பந்தயங்கள் சிலவற்றில் ஓட விரும்புவோர் முதலில் வேறொரு பந்தயத்தில் ஓடித் தம் தகுதியை நிலைநாட்டல் வேண்டும். அத்தகுதி யாது, அதனை எவ்வாறு அளக்கின்றனர், அதனைப் பெற முயல்வோர் எத்தகைய உழைப்பை மேற்கொள்கின்றனர் என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கி.மு. 490-இல் கிரேக்க நாட்டு மராத்தான் வெளியில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். அவ்வெற்றிச் செய்தியைத் தாங்கி ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடிவந்து, செய்தியைக் கூறியவுடன் உயிர் நீத்தான் என்பது வழிவழியாக வழங்கும் கதை. அக்கதையை நினைவூட்டும் வகையில் 1896-இல் ஏதென்ஸில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் இவ்வோட்டம் சேர்க்கப்பட்டது. அதில் முதலில் வந்தவர் ஸ்பிரிடான் லூயிஸ் என்னும் கிரேக்கர். தொடக்கத்தில் ஓட்டத்தின் தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்தது. 1908-இல் இலண்டனில் நடந்த ஒலிம்பிக் விழாவில், விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடத்தின் முன் முடியுமாறு பாதை அமைக்கப்பட்டது. அத்தொலைவாகிய 42.195 கிலோமீட்டரே 1921 முதல் எங்கும் பொது அளவாயிற்று.

இத்தொலைவு எத்துணைப் பெரிது என்பதை நமக்குத் தெரிந்த ஊர்களைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் தீர்த்தமலை உள்ளது. தீர்த்தகிரீசுவரர் கோயிலும், பாறையின் மேலிருந்து விழும் இராமதீர்த்தமும் அம்மலையின் சிறப்புகள். அரூரிலிருந்து புறப்பட்டுத் தீர்த்தமலை அடிவாரம் வரை ஓடி, மீண்டும் அரூருக்கு ஓடிவந்து, இளைப்பாறாமல் மறுபடியும் தீர்த்தமலை நோக்கிப் பாதி வழிக்கு மேல் ஓடினால் ஒரு மராத்தான் தொலைவு நிறைவுறும். பேருந்தில் சென்றாலே நெடுநேரம் பிடிக்கும் இவ்வழியைத் தேர்ந்த வீரர் இரண்டே கால் மணி நேரத்தில் கடந்துவிடுகின்றனர்.

மலைக்கோயிலுக்குப் படியேறும் அடியாரிடம் எவ்வளவு நேரத்தில் ஏறினாய் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், பந்தயம் நடத்துவோர்க்கு அவ்வாறு கேட்க வேண்டிய தேவை ஏற்படுகின்றது. சாலையின் அகலம் ஓர் அளவினது. ஓட விரும்புவோர் தொகையோ ஆண்டுதோறும் பெருகுவது. யாரை ஏற்பது, யாரை விடுப்பது என்னும் வினா எழும்போது, செல்வத்தையோ குலத்தையோ பரிந்துரையையோ நோக்காமல், ஓடிக் காட்டிய நேரத்தை நோக்குவதே நேர்மையான வழியாகும். இம்முறைக்குப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் மராத்தான்.

பாஸ்டன் மராத்தான் 1897-இல் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டில் ஓடத் தொடங்கியவர் பதினைவரே. காலப்போக்கில் கூட்டம் மிகவே, 1970-இல் நான்கு மணி நேரத்திற்குள் ஓடி முடிக்கும் ஆற்றல் உடையோர் மட்டுமே வருக என்னும் விதி வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது மூன்றரை மணியாகக் குறைக்கப்பட்டது. பெண்கள் நெடுந்தொலைவு ஓட வலிமையற்றவர் என்னும் தவறான எண்ணம் அந்நாளில் நிலவியது. அதனால் 1972 வரை அவர்களுக்கு முறையான அனுமதி இல்லை. அதற்கு முன்பே 1966-இல் பாபி கிப் என்னும் பெண்மணி எண் அட்டை இன்றியே ஓடி முடித்து, அவ்வெண்ணம் பொய் என்று காட்டினார். நேரத்தால் அளக்கப்பட வேண்டிய தகுதியைப் பிறப்பால் அளந்தது அவ்விதியின் குறை. அக்குறை நீங்கிய பின்னரே அவ்வாயில் உண்மையில் நேர்மையுடையதாயிற்று.

இன்று பாஸ்டனில் வயதுக்கும் பாலுக்கும் ஏற்பத் தகுதி நேரம் வகுக்கப்பட்டுள்ளது. 2026-ஆம் ஆண்டுப் பந்தயத்திற்கு 18 முதல் 34 வயது வரையுள்ள ஆடவர்க்கு 2 மணி 55 நிமிடமும், அதே வயதுப் பெண்டிர்க்கு 3 மணி 25 நிமிடமும் எல்லையாக வைக்கப்பட்டன. 60 முதல் 64 வயது வரையுள்ள ஆடவர்க்கு எல்லை 3 மணி 50 நிமிடம். முதியவர் இளையவரோடு போட்டியிட வேண்டியதில்லை. தம் வயதினரோடு ஒப்பிடப்பட்டால் போதும். ஆயினும், எல்லையை எட்டியவர் அனைவர்க்கும் இடம் கிடைத்துவிடும் என்பதில்லை. விண்ணப்பித்தோர் தொகை இடங்களைவிட மிகுந்தமையால், அவ்வாண்டில் எல்லையைக் காட்டிலும் 4 நிமிடம் 34 விநாடி அல்லது அதற்கு மேல் விரைந்து ஓடியோரே ஏற்கப்பட்டனர். முப்பது வயது இளைஞர் ஒருவர் 2 மணி 52 நிமிடத்தில் ஓடித் தகுதி பெற்றிருந்தும், அவ்வாண்டில் அவர்க்கு இடம் இல்லாது போயிருக்கும். எல்லையைத் தொடுவது மட்டும் போதாது, அதனைத் தாண்டியும் உழைத்தல் வேண்டும் என்பதை ஓட்டக்காரர் இதனால் அறிந்துகொண்டனர்.

நேரம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும்போது, ஓடிய பாதையும் ஐயத்திற்கு இடமின்றி அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். பாதை நூறு மீட்டர் குறைந்தாலும் ஓட்டக்காரர் அரை நிமிடம் அளவிற்கு ஊதியம் பெற்றுவிடுவார். ஆதலால், முன்சக்கரத்தில் சுழற்சிகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியைக் கொண்டு, ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே பாதையை அளக்கின்றனர். அளவில் பிழை நேர்ந்து பாதை குறைந்துவிடாதிருக்க, ஆயிரத்தில் ஒரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கின்றனர். இவ்வாறு அளந்து சான்று பெற்ற பாதையில் ஓடிய நேரமே தகுதிக்கு ஏற்கப்படும்.

பாதையின் சரிவும் கருதப்படுகின்றது. தீர்த்தமலையில் ஏறி இறங்கிப் பழகிய மாணவர், ஏறும்போது வாங்கும் மூச்சு இறங்கும்போது வாங்குவதில்லை என்பதை நன்கு அறிவர். மலையுச்சியில் தொடங்கி அடிவாரத்தில் முடியும் பந்தயத்தில் ஓடியவர் சமவெளியில் ஓடியவரைவிட எளிதில் நல்ல நேரத்தைப் பெறுவர். ஆகவே, 2027-ஆம் ஆண்டுப் பாஸ்டன் பந்தயம் முதல் புதிய விதி ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே 1,500 அடி முதல் 3,000 அடிக்குள் இறங்கும் பாதையில் ஓடியவர் நேரத்தோடு 5 நிமிடம் கூட்டப்படும். 3,000 அடி முதல் 6,000 அடிக்குள் இறங்கினால் 10 நிமிடம் கூட்டப்படும். அதற்கும் மேல் இறங்கும் பாதையின் நேரம் ஏற்கப்படமாட்டாது. மலை தந்த உதவியைத் தன் ஆற்றலாகக் கணக்கிடலாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

இனி நம் நாட்டு வீரரைப் பற்றிக் காண்போம். ஒலிம்பிக் மராத்தானில் முதன்முதல் ஓடிய இந்தியர் பாடெப்பா தரெப்பா சவுகுலே என்பவர். 1920-இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஓடி அவர் பத்தொன்பதாம் இடம் பெற்றார். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் சிவநாத் சிங் பதினோராம் இடம் பெற்றார். அவரே 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி நிறுவிய தேசியச் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் முறியடிக்க இயலவில்லை.

தகுதி பெறுதலின் அருமையை விளக்குவது தோனக்கல் கோபியின் வரலாறு. நம் நீலகிரியை அடுத்த வயநாட்டில், சுல்தான் பத்தேரிப் பகுதியைச் சேர்ந்தவர் இவர். இந்தியப் படையில் பணியாற்றியவர். 2016 ஜனவரியில் மும்பை மராத்தான் நடைபெற்றது. அவ்வாண்டு ரியோ ஒலிம்பிக்கிற்கு ஆடவர்க்கு வகுக்கப்பட்ட தகுதி நேரம் 2 மணி 19 நிமிடம். மும்பையில் கோபிக்கு இடப்பட்ட பணி, தாம் வெல்வது அன்று. நிதேந்திர சிங் ராவத் என்னும் வீரர்க்கு முன்னும் உடனும் ஓடி, அவர் வேகம் குன்றாமல் காப்பதே ஆகும். இவ்வாறு துணை ஓடுபவர் பெரும்பாலும் இடையில் விலகிவிடுவர். கோபியோ விலகவில்லை. ராவத் இந்தியருள் முதலாவதாக வந்தார். கோபி 2 மணி 16 நிமிடம் 15 விநாடியில் இரண்டாவதாக வந்தார். கேதா ராம் மூன்றாவதாக வந்தார். மூவரும் தகுதி பெற்றனர்.

கோபியின் நேரத்தைச் சற்று ஆராய்வோம். எல்லையைவிட அவர் 2 நிமிடம் 45 விநாடி முன்னதாக வந்தார். ஒரு கிலோமீட்டருக்கு நான்கே விநாடி அவர் பிந்தியிருந்தால், 42 கிலோமீட்டரில் அந்தச் சேமிப்பு முழுவதும் கரைந்து, 2 மணி 19 நிமிடத்தையும் கடந்திருப்பார். ஒலிம்பிக் வாயில் அடைபட்டிருக்கும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரமே அந்த நான்கு விநாடி! அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ரியோ நகரில் கோபி இருபத்தைந்தாம் இடத்தையும், கேதா ராம் ஒரு விநாடி பிந்தி இருபத்தாறாம் இடத்தையும் பெற்றனர். மகளிருள் ஓ. பி. ஜெய்ஷாவும் கவிதா ராவத்தும் அங்கு மராத்தான் ஓடினர். 2017-இல் சீன நாட்டு டாங்குவான் நகரில் நடந்த ஆசிய மராத்தான் போட்டியில் கோபி முதலிடம் பெற்றார்.

அதன் பின்னர் ஒலிம்பிக் தகுதி நேரம் கடுமையாயிற்று. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு 2 மணி 11 நிமிடம் 30 விநாடியும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு 2 மணி 8 நிமிடம் 10 விநாடியும் ஆடவர்க்கு வகுக்கப்பட்டன. உலகத் தரவரிசையாலும் இடம் பெறலாம் எனினும், அவ்விரு விழாக்களின் மராத்தானிலும் இந்தியர் எவரும் ஓடவில்லை. அக்குறையை நீக்குதல் இன்று பள்ளியில் பயிலும் தலைமுறையினரின் கடமையாகும்.

இத்தகுதியை அடைய வேண்டுவது யாது? முதலாவது, சீரான வேகம். நம் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்து, விரைந்து ஓடுவோர்க்குப் பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்குப் பின் குறைந்துவிடுகின்றது. தொடக்கத்தில் ஆர்வ மிகுதியால் விரைபவர் இறுதியில் கால் எடுத்து வைக்கவும் இயலாது தளர்வர். இரண்டாவது, படிப்படியான பயிற்சி. தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இடையிடையே உடலுக்கு ஓய்வும் நல்லுணவும் உறக்கமும் தந்தாலன்றி வலிமை வளராது. மூன்றாவது, பொறுமை. வளரும் உடல் மராத்தான் தொலைவைத் தாங்குவதற்கு உரியதன்று; பாஸ்டனிலும் 18 வயது நிரம்பாதவர்க்கு இடமில்லை. மாணவப் பருவத்தில் பள்ளித் திடலில் 800 மீட்டர், 1,500 மீட்டர், 3,000 மீட்டர் ஓட்டங்களில் பழகுவதே முறையான அடித்தளமாகும்.

மாணவர்களே! கடிகாரம் எவர் முகத்தையும் நோக்குவதில்லை. அரூர்ச் சாலையில் விடியற்காலையில் ஓடும் உழவர் மகனுக்கும், பெருநகரத்துப் பயிற்சிக் கூடத்தில் ஓடும் செல்வர் மகளுக்கும் அது ஒரே கணக்கையே காட்டும். நல்ல காலணியும் தேர்ந்த பயிற்சியாளரும் எல்லோர்க்கும் ஒருங்கே கிடைப்பதில்லை என்பது உண்மை. அவ்வசதிகளைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சேர்த்தல் சமுதாயத்தின் பொறுப்பு. அவற்றைப் பயன்படுத்தி, நாள்தோறும் தவறாது உழைத்தல் ஓடுபவரின் பொறுப்பு. இவ்விரண்டும் சேரும்போது, தகுதி என்னும் தலைவாயில் நம் மாவட்டத்துச் சிறுவர் சிறுமியர்க்கும் திறக்கும் என்பதில் ஐயமில்லை.