வடிவம் ஒன்று, சொற்கள் இரண்டு

தமிழில் ‘கல்’ என்னும் சொல் பெயராக வரும்போது பாறைத் துண்டைக் குறிக்கும். ஏவல் வினையாக வரும்போது ‘கற்பாயாக’ எனப் பொருள்படும். வடிவம் ஒன்றாயினும் இவை இரு வேறு சொற்கள். ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ‘கர்ரி’.

உணவைக் குறிக்கும் ‘கர்ரி’, ‘கறி’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து தோன்றியது. சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகைக் குறிக்கும். காவிரிப்பூம்பட்டினத்திற்கு வண்டிகளில் வந்த மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை இச்சொல்லாலேயே சுட்டுகிறது. பின்னர்ச் சோற்றுடன் சேர்த்து உண்ணும் காய்க்கும் ஊனுக்கும் இது பெயராயிற்று. ‘காய்கறி’ என்னும் வழக்கு இன்றும் அதனைக் காட்டும். வாணிகத்திற்காக வந்த போர்த்துக்கீசியர் இதனைக் ‘கரில்’ என்றனர். ஆங்கிலேயர் ‘கர்ரி’ என்றனர். 1747-இல் இலண்டனில் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலில் இவ்வுணவின் செய்முறை இடம்பெற்றுள்ளது.

மற்றொரு ‘கர்ரி’ ஒரு வினைச்சொல். குதிரையின் உடலைச் சீப்பால் தேய்த்துத் தூய்மை செய்தல் என்பது அதன் பொருள். இது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது.

இவ்விரண்டையும் அறியாதவர் ‘கர்ரி ஃபேவர்’ என்னும் ஆங்கிலத் தொடரில் மயங்குவர். சுவையான கறி சமைத்துக் கொடுத்து ஒருவரின் தயவைப் பெறுதல் என்று கூடக் கருதுவர். முகமன் கூறி ஒருவரின் தயவைத் தேடுதல் என்பதே அதன் பொருள். அதற்கும் சமையலுக்கும் தொடர்பில்லை.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஓர் அங்கதக் கவிதை எழுந்தது. அதன் தலைவன் ‘ஃபோவெல்’ என்னும் பழுப்பு நிறக் குதிரை. வஞ்சகத்தின் உருவமான அக்குதிரை செல்வாக்குப் பெற்று மாளிகையில் வாழ்கிறது. அரசரும் சமயத் தலைவரும் அதனைத் தேய்த்துத் தடவி மகிழ்விக்க முந்துகின்றனர். இதனால் ‘ஃபோவெலைத் தேய்த்தல்’ என்பது முகத்துதிக்குப் பெயராயிற்று. இத்தொடர் ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவெல்’ என வழங்கியது. காலப்போக்கில் குதிரையின் கதை மறந்தது. ‘ஃபேவெல்’ என்பதை மக்கள் தமக்குத் தெரிந்த ‘ஃபேவர்’ என்னும் சொல்லாக மாற்றிவிட்டனர். அச்சொல்லின் பொருள் தயவு.

வாஸ்கோடகாமா 1498-இல் கோழிக்கோட்டை அடைவதற்கு முன்பே இத்தொடரின் பழைய வடிவம் ஆங்கிலத்தில் வழங்கியது. ஆகவே இது தமிழ்க் கறியிலிருந்து பிறந்திருக்க இயலாது.

தமிழ்ச்சொல் ஒன்று உலக மொழிகளில் வழங்குவது பெருமைக்குரியது. ஆயினும், ஒலி ஒத்திருப்பதால் மட்டுமே ஒரு சொல்லைத் தமிழ் எனக் கொள்ளுதல் தகாது. சொல் எங்குப் பிறந்தது, எவ்வழியே வந்தது, எக்காலத்தில் வழங்கியது என ஆராய்ந்து துணிதல் வேண்டும். அவ்வாறு துணிந்து கூறும் பெருமையே பிறர் வினவினும் நிலைத்து நிற்கும்.