சுராங்கனிப் பாட்டு: கரை கடந்த பைலா ஒன்றன் வரலாறு

கலியாண வீடு, பள்ளிச் சுற்றுலா, ஆண்டிறுதி ஒன்றுகூடல் என எங்கே பத்துப்பேர் கூடினும், ஒருவர் மேசையைத் தட்டத் தொடங்கிய அளவில் மற்றையோர் வாயினின்றும் தாமே எழும் பாட்டுக்கள் சில நம் நாட்டில் உண்டு. அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது ‘சுராங்கனி’. பிலிமத்தலாவையினின்று கொழும்பு நோக்கிப் புறப்படும் சுற்றுலாப் பஸ்வண்டி கடுகண்ணாவை இறக்கத்தைக் கடந்து முடிப்பதற்குள் இப்பாட்டு ஒருமுறையேனும் ஒலித்துவிடும். பாடுவோருட் சிங்களவர் யார், தமிழர் யார், முஸ்லிம்கள் யார் என்னும் வேறுபாடு அப்பொழுது தோன்றுவதில்லை. ஆயினும் இது யாவர் பாட்டு, எம்மொழிப் பாட்டு என்று வினவின் விடை எளிதன்று. களியாட்டப் பாட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என ஒதுக்குவோர் கற்றோரிடையே உளர். மொழிகள் ஒன்றோடொன்று உறவாடும் முறையை அறிய விரும்புவோர் அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது.

பைலா என்னும் பெயர், ஆடுதல் எனப் பொருள்படும் போத்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்த போத்துக்கேயரின் வழித்தோன்றல்களாகிய பறங்கியரும், ஆபிரிக்காவினின்று கொணரப்பட்ட காப்பிரியரும் வளர்த்த ‘கபிரிஞ்ஞா’ என்னும் ஆடலிசையே அதன் தாய் எனலாம். மட்டக்களப்புப் பறங்கியரிடையே அவ்விசையும், புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரிடையே அதனோடு உறவுடைய ‘மஞ்சா’ இசையும் இன்றும் வழங்குகின்றன. ஆறு மாத்திரைகளை மும்மூன்றாகப் பிரித்துத் துள்ளி ஓடும் அத்தாளத்திற்கு 1940களில் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடியவர், பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன். பைலாவின் தந்தை என அவரைப் போற்றுவர். கண்டி இராச்சியமோ 1815 வரை தனித்து நின்றது. இம்மலைநாட்டிற்கு உரிய இசை ‘கெட்ட பெர’ முழவின் இசையே. 1820களில் அமைந்த கொழும்பு வீதியும், 1867 இல் கண்டியை அடைந்த புகைவண்டியும், பின்னர் வானொலியும் ஏறிவந்த வழியே பைலாவும் கரையினின்று மலைக்கு ஏறிவந்தது.

பைலாவில் ‘வாத பைலா’ என்றொரு வகை உண்டு. பாடகர் எதிரெதிர் நின்று, கொடுக்கப்பட்ட பொருள்பற்றி அக்கணமே அடிகட்டிப் பாடி ஒருவரை ஒருவர் மடக்க முயல்வர். நம் லாவணியை அறிந்தோர்க்கு இது புதிதன்று. இத்தகைய மரபில் தாளமும் பல்லவியும் ஊர்ப்பொது; இடையில் வரும் அடிகளே பாடுவோன் உடைமை. ஆதலின் மூலப்பாட்டு எது, மறுபாட்டு எது என்று பைலாவில் வரையறுக்கப் புகுதல் ஆற்றுநீரில் கோடு கிழிப்பதை ஒக்கும்.

1970களில் இப்பாட்டைப் பாடித் தமிழர் செவிக்கெல்லாம் கொண்டுசென்றவர் ஏ. ஈ. மனோகரன். அக்காலத்தே இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தமிழகத்து இதழ்களின் வரவும் படங்களின் வரவும் சுருங்க, உள்நாட்டுக் கலைஞர்க்கு மேடை விரிந்தது. நித்தி கனகரத்தினம் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப் இசை இளைஞரைக் கவர்ந்த காலமும் அதுவே. மனோகரனுக்குப் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டம் வழங்கலாயிற்று. அவர் பாடிய சுராங்கனியில் பல்லவி சிங்களம், இடையடிகள் தமிழ். முன்னோர் வடமொழியும் தமிழும் விரவி மணிப்பிரவாளம் எழுதினர். அது பண்டிதர் ஆக்கிய கலப்பு. இது சந்தையிலும் பஸ்வண்டியிலும் விளைந்த கலப்பு. 1956 இல் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டத்தின் பின் மொழியாலேயே நாடு பிளவுண்டு நின்ற ஆண்டுகளில், இரு மொழியும் ஒரே மூச்சிற் பாடப்பட்டமை சிறிய செய்தியன்று.

பல்லவியின் பொருள் மிக எளியது: சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தாயிற்று; இப்பொழுதே வந்த மீன். இவ்வளவே. ஆனால் அப்பெயரை நோக்குக. சுரர் என்பார் தேவர். அங்கனை என்பாள் பெண். மீனுக்குக் காத்திருக்கும் கரையோரப் பெண்ணுக்குத் தேவமாதின் பெயர் வாய்த்திருக்கிறது! சிங்களத்தில் ‘மாளு’ என்பது மீன். ‘கெனாவா’ என்பது கொண்டுவந்தமையைக் குறிக்கும் இறந்தகால வினை. பெயரின் பின்வரும் ‘ட’ நம் ‘கு’ உருபின் தொழிலைச் செய்வது.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழகம் ஆர்வத்தோடு கேட்ட காலம் அது. பாட்டும் பாக்குநீரிணையைக் கடந்தது. 1976 இல் ‘அன்னக்கிளி’யால் புகழ்பெற்ற இளையராசா, 1977 இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் படத்தில் இதனை அமைத்தார். பாடியவருள் ஒருவர் மலேசியா வாசுதேவன். சென்னைக் கேட்போர்க்குச் சிங்களம் தெரியாது. ஆயினும் அவர்கள் விடாது பற்றிக்கொண்டது தமக்கு விளங்காத அப்பல்லவியையே! விளங்காத சொல்லை நாவு தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும். ‘ட’ உருபு தமிழ் உருபை நோக்கி நெகிழ்ந்து ‘க்கா’ ஆயிற்று. ‘மாளு’ என்பது ‘மாலு’ ஆகி, மாலதி, மாலினி என்பாரை அழைக்கும் செல்லப்பெயர்போல் ஒலித்தது. ‘கெனாவா’ என்னும் வினையோ ‘கண்ணா வா’ என்னும் அழைப்பாகவே மாறிற்று. தமிழகத்து மேடைகளில் இன்றும் அவ்வாறு பாடக் கேட்கலாம். மீன் மறைந்தது, காதற் பாட்டொன்று தோன்றியது.

இதனைப் பிழை என்று சாடுதல் வேண்டா. ஊர்ப்பெயர்களும் பழமொழிகளும் இவ்வாறே திரிந்திருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைத்தலும் தகாது. இலங்கையில் இப்பாட்டின் சுவை இரு மொழியும் விளங்குவதிற் பிறந்தது. கடலுக்கு அப்பால் ஒரு மொழி விளங்காமையிற் பிறந்தது. முன்னையது அயலவரோடு ஆடும் விளையாட்டு. பின்னையது அயலொலியின் மயக்கம். பின்னையதே பரப்பிற் பெரிது என்பதற்காக முன்னையதை மறத்தல் கூடாது.

மனோகரன் பின்னர்த் தமிழ், மலையாளப் படங்களில் நடித்து, ‘சிலோன் மனோகர்’ என அறியப்பட்டு, 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார். 2020 இல் வெளிவந்த ‘மெனிக்கே மகே ஹிதே’ என்னும் சிங்களப் பாட்டு, 2021 இல் யொஹானி பாடிய மறுபாட்டால் உலகெங்கும் பரவி, 2022 இல் இந்திப் படமொன்றிலும் இடம்பெற்றது. அங்கும் பொருளறியாதார் ஒலியையே பாடினர்.

கண்டிப் பகுதித் தமிழ் மாணவர்க்கோ அத்தடை இல்லை. சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் பயில்வோர்க்கு நான்காம் வேற்றுமையையும் இறந்தகால வினையையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று, இலக்கண நூலைத் திறக்குமுன்னரே அவர்கள் நாவில் இருக்கிறது.