என்ஜினுக்குள் ஒரு துண்டுக் களிமண்

பந்தயக் கார் என்ஜின்களைப் பிரித்துக் கோக்கும் பட்டறைக்குப் போனால், பல ஆயிரம் வெள்ளி பெறும் உதிரிபாகங்களுக்கு நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிசின் களிமண் கிடக்கும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் யானையும் பூனையும் செய்து விளையாடும் அதே களிமண்தான். அதற்கு அங்கே என்ன வேலை?

நான்கு வீச்சு என்ஜினில் உள்வாங்கல், அழுத்தம், ஆற்றல், வெளியேற்றம் என்று படித்திருப்பீர்கள். பாடநூல் படத்தில் வெளியேற்றும் வால்வு மூடிய பிறகுதான் உள்வாங்கும் வால்வு திறக்கும். உண்மையில் அப்படி இல்லை. புகையைத் தள்ளிக்கொண்டு பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது வெளியேற்றும் வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது. உள்வாங்கும் வால்வோ அதற்குள் திறக்கத் தொடங்கிவிடும். வேகமாக வெளியேறும் புகை, புதுக் காற்றையும் இழுத்துக்கொண்டு வரட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்த நொடியில் இரண்டு வால்வுகளும் சிலிண்டருக்குள் தொங்கிக்கொண்டிருக்க, கீழிருந்து பிஸ்டன் மேலே வருகிறது.

சாதாரணக் காரில் தயாரிப்பாளரே போதிய இடைவெளி விட்டிருப்பார். வேகத்துக்காக என்ஜினை மாற்றுபவர் அந்த இடைவெளியில்தான் கை வைக்கிறார். புதிய கேம் தண்டு வால்வை அதிக ஆழத்துக்கு, அதிக நேரம் திறக்கும். அழுத்தத்தைக் கூட்ட சிலிண்டர் ஹெட்டை அரை மில்லிமீட்டர் சீவினால், வால்வுகள் அந்த அளவு பிஸ்டனை நெருங்கும். மோதினால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஒரே மோதலில் வால்வின் தண்டு நெளியும். அதன் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டனில் ஓட்டை. ஓட்டத்தின்போது டைமிங் பெல்ட் அறுந்து என்ஜின் வீணானதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல கார்களில் அதற்கும் இதுதான் காரணம்.

பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதுதான் இடைவெளி மிகக் குறைவு என்று நினைக்கத் தோன்றும். மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் கார்களில் பல ஆண்டுகள் இடம்பெற்ற 4ஜி63 என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் வீச்சு 88 மில்லிமீட்டர், இணைப்புத் தண்டு 150 மில்லிமீட்டர். முக்கோணவியல் தெரிந்தவர்கள் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: உச்சியைத் தாண்டி கிராங்க் தண்டு 10 பாகை திரும்பும்போது பிஸ்டன் 0.9 மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. 20 பாகையில் 3.4 மில்லிமீட்டர் இறங்கிவிடும். அந்த முதல் 10 பாகையில் பிஸ்டன் சோம்பேறித்தனமாக நகர, உள்வாங்கும் வால்வு விரைந்து இறங்குகிறது. அதனால் அது பிஸ்டனை மிக நெருங்குவது உச்சிக்குப் பின் சுமார் 10 பாகையில். வெளியேற்றும் வால்வுக்கு இது தலைகீழ்: உச்சிக்கு முன் சுமார் 10 பாகை.

உள்வாங்கும் வால்வுக்கு 2 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் என்பது என்ஜின் கட்டுபவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவு. ஏன் இந்த வேறுபாடு? வெளியேற்றும் வால்வு அதிகம் சூடாகி அதிகம் நீள்கிறது. அதோடு, மூடப்போகும் அந்த வால்வைப் பிஸ்டன் பின்னாலிருந்து துரத்துகிறது. அதிவேகத்தில் வால்வின் ஸ்பிரிங் ஈடுகொடுக்க முடியாமல் சற்றுத் தாமதித்தாலும் பிஸ்டன் அதைப் பிடித்துவிடும். (ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரெனால்ட் 1986இல் உலோக ஸ்பிரிங்கையே விட்டுவிட்டு, அழுத்தப்பட்ட வாயுவைக் கொண்டு வால்வுகளை மூடியது.)

இனி களிமண்ணுக்கு வருவோம். பிஸ்டனின் தலையில், வால்வுகளுக்கு நேராக உள்ள பள்ளங்களில் களிமண்ணை அப்பி, ஒட்டாமலிருக்க மேலே எண்ணெய் தடவுவார்கள். ஏற்கெனவே நசுங்கிய பழைய கேஸ்கெட்டை வைத்து ஹெட்டைப் பூட்டி, பெல்ட்டைச் சரியான குறியில் மாட்டி, கிராங்க் தண்டைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். கேம் தண்டு அதன் பாதி வேகத்தில் சுற்றுவதால், இரண்டு சுற்றில்தான் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடும். பிறகு ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளப்பார்கள். அந்தத் தடிமன்தான் இடைவெளி.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 4ஜி63 போன்ற என்ஜின்களில் வால்வின் தளர்வைச் சரிசெய்யும் சிறு உறுப்புகள் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகின்றன. நின்றுபோன என்ஜினில் அந்த அழுத்தம் இல்லை. அவை அமுங்கிக்கொடுக்க, வால்வு குறைவாகத் திறக்கிறது; களிமண் தடிமனாக, நல்ல செய்தி சொல்கிறது. என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது பொய் என்று தெரியும். அதனால் சோதனைக்கு மட்டும் அவற்றை எடுத்துவிட்டு, அமுங்காத திட உறுப்புகளைப் பொருத்துவார்கள்.

இடைவெளி போதாவிட்டால் பிஸ்டனின் பள்ளத்தை ஆழப்படுத்தலாம், ஆனால் தலை மெலிந்துவிடும். தடித்த கேஸ்கெட் போடலாம், ஆனால் அழுத்தம் குறையும். கேம் தண்டைச் சில பாகை திருப்பி வைத்தால், ஒரு வால்வுக்குக் கிடைக்கும் இடம் மற்றதிலிருந்து பறிபோகலாம். எதைச் செய்தாலும் மறுபடி புதுக் களிமண் அப்பி, மறுபடி கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் ஸ்பேனரில் பலத்தைக் கூட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.