தூங்கும் உடலின் கதை – 7: மெத்தைக்கு அடியில் ஒரு காது

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர் என் மாமா. இப்போது புக்கிட் ரோத்தானில் தாமான் வீடு. போன மாதம் அங்கே தங்கியிருந்தபோது, பின்னிரவில் சுவர் அதிர்ந்துகொண்டிருந்த அவர் குறட்டை சட்டென்று நின்றது. நொடிகளை எண்ணினேன். இருபத்திரண்டில், தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர்போல ஓர் இழுப்பு.

"எப்பவும் இப்படித்தான்பா, நல்லா அசந்து தூங்குவாரு" என்றார் அத்தை.

தோட்டத்துப் பேச்சு அது. வெயில் ஏறுவதற்குள்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டிலேயே பெரட்டுக்கு ஓடிய தலைமுறை. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கினால் உழைத்த களைப்பு, குறட்டை விட்டால் நல்ல தூக்கம். லயத்துப் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் மூச்சு பத்து நொடி தடைபட்டாலே மருத்துவக் கணக்கில் சேரும். மணிக்கு ஐந்து தடவையைத் தொட்டால் தூக்க மூச்சுத்தடை. முப்பது என்றால் கடுமை. ரத்தக் கொதிப்போடும் நீரிழிவோடும் அதற்கு நெருங்கிய உறவு உண்டு. நம்மவர்களிடம் நீரிழிவு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கிளினிக்கில் இனிப்புநீரைப் பற்றிச் சொல்கிறோம், குறட்டையைச் சொல்வதில்லை.

தூக்க ஆய்வகத்தைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். தலை, கண்ணோரம், முகவாய், மார்பு, கால் என எங்கும் ஒயர். "அத்தனையும் மாட்டிக்கிட்டு எவன்டா தூங்குவான்?" என்றார். நியாயம்தான்.

உடம்பில் எதையும் ஒட்டாத கருவிகள் அவருக்காகவே வந்தவை. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கச் சம்பானில் போனவர்களுக்குத் தெரியும்: ஒருவர் லேசாக நகர்ந்தாலும் படகு ஆடும். அதேபோல, இதயம் ரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடல் மயிரிழையளவு எதிர்ப்பக்கம் அசைகிறது. 1930களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார், ஆளைப் படுக்கவைத்த பலகையையே தொங்கவிட்டு இதை அளந்தார். இன்று அந்த வேலையை மெத்தைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய விரிப்பு செய்கிறது. பெங்களூரின் டோஸி நிறுவனம் இதை ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கே கொண்டுபோயிருக்கிறது. மூச்சின் ஏற்ற இறக்கமும் அதில் பதிவாகும். 2017இல் எம்.ஐ.டி.யில் டீனா கட்டாபியின் குழு, உடலில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையிலிருந்தே தூக்கத்தின் நிலைகளைப் பிரித்துக் காட்டியது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியிடம் மட்டும் நம் தோல்நிறக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. விரலில் எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சு நிற்பதை விட்டுவிடக் கூடாது. எந்த விரிப்பும் விரல் கருவியும் சந்தேகத்தைத்தான் சொல்லும். நோயை உறுதிசெய்ய மருத்துவர் வேண்டும்.

மறுநாள், கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த இரண்டு நிமிட ஒலியை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். மௌனம் வந்த இடத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவு இரண்டு மணிக்கு என் கதவைத் தட்டினார்.

"இருபத்தாறுப்பா. நானே எண்ணினேன். காலையில கிளினிக் எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"

(தொடரும்)